நம்ம தட்டு, நம்ம பங்கு

குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போனால் நம்மில் பலர் சொல்கிற வசனம் ஒன்று உண்டு. "எனக்குத் தனியா எதுவும் வேணாம், நீங்க வாங்கறதுல கொஞ்சம் எடுத்துக்கறேன்." மெனு கார்டில் விலையைப் பார்த்ததுமே நம் பசி பாதி அடங்கிவிடும். சின்னவன் ஒதுக்கிய நூடுல்ஸ், பெரியவள் வேண்டாமென்ற கோபி, கிண்ணத்தின் அடியில் ஒட்டிய கிரேவி, இதுதான் அம்மாவின் ஓட்டல் சாப்பாடு! இந்த வசனத்துக்கு வேலையே இல்லாத ஓர் இடம் இருக்கிறது தோழிகளே. அதுதான் மதிய நேரத்து சைனீஸ் பஃபே.

தலைக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம். சூப்பிலிருந்து ஐஸ்கிரீம் வரை வரிசையாக வைத்திருப்பார்கள். வேண்டியதை, வேண்டிய மட்டும் நாமே எடுத்துக்கொள்ளலாம். நம்ம ஊர் மெஸ்களில் 'முழுச் சாப்பாடு' என்று போர்டு போடுவார்களே, அதே கணக்குதான். அங்கே இலைக்கு வந்து பரிமாறுவார்கள். இங்கே நாம் எழுந்து போகணும். ஒருவர் தட்டில் இன்னொருவர் சாப்பிடக் கூடாது என்பது பல இடங்களில் விதி.

சில மாதங்களுக்கு முன் பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல், மாமியாரையும் அழைத்துக்கொண்டு ஐந்து பேராகக் கிளம்பினோம். 2021-ல் எங்கள் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ரயில் வந்துவிட்டதால் டவுனுக்குப் போவது இப்போது சுலபம். வார நாள் என்பதால் தலைக்கு நானூத்திச் சொச்சம்தான்.

"சீனாக்காரன் சாப்பாடு எனக்கு ஒத்துக்குமா?" என்று அத்தைக்கு வழியெல்லாம் கவலை. "பீச் ஸ்டேஷன்கிட்ட அத்தோ சாப்பிட்டிருக்கீங்களே, அதுவும் நூடுல்ஸ்தானே?" என்றேன். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த பண்டம் அது. வடசென்னைக்காரங்களுக்கு நூடுல்ஸ் அன்னியமா என்ன?

இன்னொன்றும் சொல்லி வைத்தேன். மஞ்சூரியன் என்ற பெயரில் நாம் சாப்பிடுவது சீனாவின் மஞ்சூரியாவில் பிறந்ததே இல்லை. கல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிக்காரரான நெல்சன் வாங், 1975-ல் பம்பாய் கிரிக்கெட் கிளப் சமையலறையில் செய்துபார்த்த அயிட்டம் அது. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை வதக்கி, கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸ் விட்டு, சோள மாவு கரைத்து ஊற்றினார். அவ்வளவுதான் சூட்சுமம்! "அப்போ நம்ம சமையல்தானே" என்று அத்தைக்குத் தெம்பு வந்துவிட்டது.

உள்ளே போனதும் அத்தை ஒரு தட்டு நிறைய ஃபிரைட் ரைஸ் எடுத்து மகன் முன்னால் வைத்தார். அடுத்த தட்டை எடுத்துப் பேரனுக்கு நிரப்பத் தொடங்கினார். அங்கே நின்ற பையன் சிரித்துக்கொண்டே, "பாட்டிம்மா, அவங்க எழுந்து வந்து எடுத்துப்பாங்க. இது உங்க தட்டு" என்றான். அத்தை அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெதுவாக, "நான் எதைம்மா எடுத்துக்கிறது?" என்று என்னைக் கேட்டார். ஐம்பது வருஷமாக வீட்டுக்கே சமைத்துப் போட்டவர், தனக்கு என்ன பிடிக்கும் என்று யோசிக்க வேண்டியிருந்தது!

அதன்பின் மூன்று முறை எழுந்து போனார். மிளகு தூவிய மீன் துண்டுதான் அவருக்கு ரொம்பப் பிடித்தது. வீட்டில் அவர் தட்டில் வாலும் தலையும்தான் விழும். உட்கார்ந்த இடத்திலிருந்தே "தண்ணி கொண்டா" என்று குரல் கொடுக்கும் என் வீட்டுக்காரரும் ஐந்து தடவை எழுந்து நடந்தார் என்பது கூடுதல் விசேஷம்!

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். முதலில் தட்டில்லாமல் ஒரு சுற்று வந்து எல்லாவற்றையும் பாருங்கள். சூப்பையும் ஃபிரைட் ரைஸையும் முன்னால் வைத்திருப்பது சும்மா இல்லை; வயிறு அதிலேயே நிறைந்தால் அவர்களுக்கு லாபம். கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். வீணாக்கினால் சில இடங்களில் தனிக் கட்டணம் உண்டு. கூல் டிரிங்க்ஸுக்குத் தனி பில்லா, சிறுவர்களுக்குக் கட்டணம் எவ்வளவு, ஜி.எஸ்.டி. சேர்த்த விலையா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். ஆவி பறக்காமல் ஆறிக் கிடப்பதைத் தொடாதீர்கள். அஜினமோட்டோ பயமா? 1968-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கடிதத்திலிருந்துதான் அந்தப் பயம் பரவியது. பின்னால் நடந்த ஆய்வுகளில் அது உறுதிப்படவில்லை. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் சோயா சாஸில் இருக்கும் உப்பைத்தான் கவனிக்க வேண்டும்.

வயிறு நிறைந்ததைவிட எனக்கு மனசில் நின்றது வேறு. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் சுமார் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் எல்லாருக்கும் போட்டுவிட்டு, சட்டியில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிடும் நம் வழக்கத்தையும் சும்மா விட்டுவிட முடியுமா?

வருஷத்துக்கு ஒருமுறை பஃபேக்குப் போவதால் ரத்தம் ஊறிவிடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் இப்போது எல்லாப் பாத்திரமும் கூடத்துக்கு வந்துவிடுகிறது. அவரவர் தட்டில் அவரவர் போட்டுக்கொண்டு, ஐந்து பேரும் ஒரே நேரத்தில் உட்காருகிறோம். முதல் வாரம் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். இப்போது அத்தை தட்டில் மீன் விழுந்ததா என்று அவரே பார்க்கிறார்.

இதற்குப் பைசா செலவில்லை தோழிகளே. அடுத்த முறை குழம்பில் மீன் துண்டை எண்ணிப் போடும்போது, உங்களையும் ஒரு ஆளாகச் சேர்த்து எண்ணுங்கள்.

- ஓர் இல்லத்தரசி, விம்கோ நகர்.