திருப்பிப் போட்டாலும் தெரிந்துவிடும்

ரீல்ஸ் தள்ளிக்கொண்டே போகும்போது இந்த விநோதம் கண்ணில் பட்டிருக்கும். ஏதோ ஒரு பழைய படத்தின் நகைச்சுவைக் காட்சி ஓடும். பின்னால் தெரியும் மளிகைக் கடையின் பெயர்ப் பலகையில் எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பியிருக்கும். கதாநாயகன் வலது கையில் கடிகாரம் கட்டியிருப்பார். சுற்றிலும் ஒரு கலர் ஓரம், குரலில் லேசான கீச்சு. திரையின் கீழ்ப்பாதியில் சம்பந்தமே இல்லாமல் ஒரு பையன் தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ கேம். எடிட் செய்தவருக்கு ரசனை இல்லை என்று நினைக்க வேண்டாம். அடுத்தவர் வீடியோவைத் தன் பக்கத்தில் ஏற்றி ஃபாலோயர் சேர்ப்பவர், ஓர் இயந்திரத்திடமிருந்து தப்புவதற்காகப் போட்ட வேஷம் அது.

அந்த இயந்திரம் வீடியோவை நம்மைப் போல உட்கார்ந்து பார்ப்பதே இல்லை என்பதுதான் வேடிக்கை.

முதலில் ஒரு சின்ன வித்தியாசம். ஷேர் பட்டனை அழுத்தினால் புதிய வீடியோ எதுவும் உருவாவதில்லை. ‘அங்கே போய்ப் பார்’ என்று கைகாட்டும் ஒரு சுட்டி மட்டுமே நகர்கிறது. பார்வைக் கணக்கு எடுத்தவருக்கே சேரும். ஃபாலோயர் வேண்டுபவருக்கு இது போதாது. அவர் வீடியோவை டவுன்லோட் செய்து, தன்னுடையது போல மறுபடி ஏற்றுகிறார். இது எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 2015-இன் முதல் மூன்று மாதங்களில் ஃபேஸ்புக்கில் அதிகம் ஓடிய 1,000 வீடியோக்களை ஒகில்வி என்ற விளம்பர நிறுவனமும் டியூபுலர் லேப்ஸ் என்ற வீடியோ ஆய்வு நிறுவனமும் அலசின. அவற்றில் 725 வேறெங்கிருந்தோ எடுத்து மறுபடி ஏற்றப்பட்டவை.

யூடியூபுக்கு இந்தத் தலைவலி முன்பே வந்துவிட்டது. 2007 மார்ச்சில் வயாகாம் என்ற ஊடக நிறுவனம் 100 கோடி டாலர் கேட்டு அதன்மீது வழக்குப் போட்டது. அதே ஆண்டு அக்டோபரில் யூடியூப் ஒரு தானியங்கிக் காவலாளியை இறக்கியது. இன்று அதன் பெயர் கன்டென்ட் ஐடி. யூடியூபில் ஒவ்வொரு நிமிடமும் 500 மணி நேரத்துக்கும் மேலான வீடியோ ஏறுகிறது. அந்த ஒரு நிமிடத்துச் சரக்கை ஒருவர் தூங்காமல், சாப்பிடாமல் பார்த்து முடிக்க 20 நாளும் 20 மணி நேரமும் ஆகும். ஆள் வைத்துப் பார்க்கிற வேலை இல்லை.

கோப்பும் கோப்பும் ஒன்றா என்று ஒப்பிட்டால் போதாதா? போதாது. ஒரு வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலே அது சுருக்கப்பட்டு, உள்ளே இருக்கும் எண்கள் மொத்தமாக மாறிவிடும். கண்ணுக்கு அதே படம். கணினிக்கு முற்றிலும் வேறு கோப்பு. எண்கள் மாறினாலும் மாறாத ஏதோ ஒன்றைப் படத்திலிருந்து பிழிந்தெடுக்க வேண்டும். அதைக் காட்சிக் கைரேகை என்று சொல்லலாம். நிறுவனங்கள் உள்ளே வைத்திருக்கும் முறைகள் சிக்கலானவை, பெரும்பாலும் ரகசியம். ஆனால் எல்லோருக்கும் தெரிந்த எளிய முறை ஒன்றிருக்கிறது. அதன் சாமர்த்தியம் அசர வைக்கிறது.

வீடியோவின் ஒரு பிரேமை எடுத்து, நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். பிறகு அதை 9 கட்டம் அகலம், 8 கட்டம் உயரத்துக்குச் சுருக்குங்கள். ரஜினியா, ரயில் நிலையமா என்றுகூடத் தெரியாத 72 சாம்பல் சதுரங்கள் மிஞ்சும். இப்போது ஒவ்வொரு சதுரத்திடமும் ஒரே கேள்வி: உன் வலப்பக்கத்துச் சதுரம் உன்னைவிட வெளிச்சமா? ஒரு வரிசைக்கு 8 பதில், 8 வரிசைக்கு 64 பதில். ஆம், இல்லை என்ற அந்த 64 பதில்கள்தான் கைரேகை. படத்தைப் பளிச்சென்று ஆக்குங்கள், மங்கலாக்குங்கள், நிறத்தை மாற்றுங்கள். எல்லாச் சதுரமும் சேர்ந்தே மாறுவதால், யாருக்குப் பக்கத்தில் யார் வெளிச்சம் என்பது பெரும்பாலும் அப்படியே நிற்கும். மூலையில் ஒரு லோகோ ஒட்டினால் சில பதில்கள் பிசகலாம். 64-இல் ஏழெட்டு மாறினாலும் அதே படம்தான் என்று முடிவு கட்டிவிடலாம்.

இந்த 64 பதில்களும் கணினியில் 8 பைட்டுக்குள் அடங்கிவிடும். வினாடிக்கு ஒரு பிரேம் என்று எடுத்தால், மூன்று மணி நேரப் படம் முழுவதற்கும் 86 கிலோபைட் சொச்சம். வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கம் படங்கள் பலவும் இதைவிடப் பெரியவை.

சரி, இடம் வலமாகத் திருப்பினால்? எனக்கு மிகவும் பிடித்தது இந்த இடம்தான். திருப்பிய படத்தின் கைரேகையைக் கண்டுபிடிக்க வீடியோவை மறுபடி தொடவே வேண்டாம். ஒவ்வொரு வரிசையிலும் உள்ள 8 பதில்களைக் கடைசியிலிருந்து எழுதி, ஆம் என்பதை இல்லை என்றும், இல்லை என்பதை ஆம் என்றும் மாற்றினால் போதும். எடிட்டர் மெனக்கெட்டுப் போட்ட வேஷம் ஒரே வரிக் கணக்கில் கலைந்துவிடுகிறது. ஃபேஸ்புக் 2019-இல் எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்ட பிடிக்யூ என்ற முறை 256 பதில்களை வைத்துக்கொள்கிறது. அதிலும் திருப்பிய, சுழற்றிய வடிவங்களின் கைரேகைகளை இதே போல மலிவாகப் பெற்றுவிடலாம்.

கைரேகை கிடைத்துவிட்டது. கோடிக்கணக்கான கைரேகைகளில் எதோடு ஒத்துப்போகிறது என்று எப்படித் தேடுவது? ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் விடிந்துவிடும். இங்கே ஒரு பள்ளிக்கூடத் தர்க்கம் கைகொடுக்கிறது. 64 பதில்களை எட்டெட்டாக 8 துண்டாக்குங்கள். இரண்டு கைரேகைகளுக்கு நடுவே அதிகபட்சம் 7 பிழைதான் என்றால், குறைந்தது ஒரு துண்டாவது அச்சு அசலாக ஒத்திருந்தே ஆக வேண்டும். எட்டு வீடு உள்ள தெருவுக்கு ஏழு கடிதம் வந்தால், ஏதோ ஒரு வீட்டுக்குக் கடிதம் இல்லை என்பது போலத்தான். ஆகவே ஒரு துண்டாவது அப்படியே ஒத்துப்போகும் கைரேகைகளை மட்டும் உருவி எடுத்து ஒப்பிடலாம். மற்றவற்றைத் திரும்பிப் பார்க்கவே தேவையில்லை.

ஒலிக்குத் தனிக் காவல். ஒலிக்கும் பாட்டு எது என்று சொல்லும் ஷசாம் செயலியின் கணக்கை வகுத்த ஏவரி வாங் 2003-இல் அதை வெளிப்படையாக எழுதினார். பாட்டை, நேரம் ஒரு பக்கமும் சுருதி மறுபக்கமும் வைத்துப் படமாக வரைந்தால், அதில் பலமான ஒலிகள் மட்டும் உச்சிப் புள்ளிகளாக நிற்கும். டீக்கடை இரைச்சலில் ஒலித்தாலும் அந்த உச்சிகளில் பல தப்பிப் பிழைக்கும். ஷசாம் அவற்றை இரண்டிரண்டாகச் சோடி சேர்த்து நினைவில் வைக்கிறது. உங்கள் துணுக்கில் 2, 5, 9-ஆம் வினாடிகளில் உள்ள சோடிகள் ஒரு படத்தின் 3,602, 3,605, 3,609-ஆம் வினாடிகளில் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் வித்தியாசம் 3,600. ஒன்றிரண்டு தற்செயலாக ஒத்துப்போகலாம், நூறு சோடிகள் ஒரே வித்தியாசத்தில் நிற்பது தற்செயலாக நடக்காது. துணுக்கு படத்தின் எந்த இடத்திலிருந்து வெட்டப்பட்டது என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது.

கீச்சுக் குரல் இதைக் குழப்பத்தான் வந்தது. வேகத்தைக் கூட்டினால் இடைவெளிகள் சுருங்கும், சோடிகள் பொருந்தாது. ஆனால் மூன்று உச்சிகளைச் சேர்த்துப் பார்த்தால் வேறு கதை. 2, 5, 9 என்றால் இடைவெளிகள் 3-ம் 4-ம். இருமடங்கு வேகத்தில் ஓட்டினால் 1.5-ம் 2-ம். விகிதம் அதேதான்! பெல்ஜியத்தைச் சேர்ந்த யோரன் சிக்ஸ், மார்க் லெமன் இருவரும் 2014-இல் வெளியிட்ட பனாகோ என்ற முறை இந்த விகிதத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது.

கலர் ஓரம் பாவம், சுலபமாக மாட்டும். ஒரே நிறத்தில் அசையாமல் நிற்பதை வெட்டிவிட்டுக் கணக்குப் போடலாம். திரையைப் பாதியாக்கி வீடியோ கேம் ஓட்டுவதுதான் உண்மையான சவால்; 64 கேள்விகளில் பாதி கேமுக்குப் போய்விடுகிறது. இதுபோன்ற வேஷங்களைக் கண்டுபிடிக்கவே 2021-இல் ஃபேஸ்புக் 10 லட்சம் படங்களை வைத்து, 2 லட்சம் டாலர் பரிசோடு ஒரு போட்டி நடத்தியது. இப்போது கேள்விகளை மனிதர் எழுதுவதில்லை. ஒரு படத்தையும் அதன் ஆயிரம் வேஷங்களையும் காட்டி, ‘இவையெல்லாம் ஒன்று’ என்று செயற்கை நரம்பு வலைகளைப் பழக்குகிறார்கள்.

மாட்டினால் என்ன ஆகும்? வீடியோ உடனே பறிபோகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். யூடியூபில் உரிமையாளருக்கு மூன்று வழி: தடுக்கலாம், பார்வைக் கணக்கை மட்டும் கவனிக்கலாம், அல்லது விளம்பர வருமானத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். பத்தில் ஒன்பது தடவைக்கு மேல் மூன்றாவதைத்தான் எடுக்கிறார்கள். ஏற்றியவர் தலைப்பு யோசித்து, ஹேஷ்டேக் போட்டு, ஆள் திரட்டுகிறார். காசு அசல்காரருக்குப் போகிறது. சம்பளமில்லா விநியோகஸ்தர்! இன்ஸ்டாகிராம் வேறு பாதையில் போனது. ஒரே வீடியோ இரண்டு இடத்தில் இருந்தால், பரிந்துரையில் நகலுக்குப் பதில் அசலைக் காட்டப் போவதாக 2024 ஏப்ரலில் அறிவித்தது. 30 நாளில் 10 தடவையோ அதற்கு மேலோ அடுத்தவர் சரக்கை அப்படியே ஏற்றும் பக்கங்கள் பரிந்துரையிலிருந்தே விலக்கப்படும் என்றும் சொன்னது.

இவ்வளவு கெட்டிக்கார இயந்திரத்துக்கு ஒத்திருக்கிறதா என்பது மட்டும்தான் தெரியும், எதற்காக எடுத்தார்கள் என்பது தெரியாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விமர்சனத்துக்காக நியாயமான அளவு எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. படத்தை அலசும் விமர்சகர் காட்டும் பத்து வினாடிக்கும், வெறுமனே உருவிய பத்து வினாடிக்கும் கைரேகை ஒன்றே. சில சமயம் இயந்திரம் ஒத்திருப்பதையே தவறாகப் பார்த்துவிடுகிறது. செபாஸ்டியன் டோம்சாக் என்ற ஆஸ்திரேலிய இசைக் கலைஞர், தானே உருவாக்கிய பத்து மணி நேர வெற்று இரைச்சலை, பழைய டிவியில் சிக்னல் போனால் கேட்குமே, அந்த ‘ஸ்ஸ்ஸ்’ ஒலியை, 2015-இல் யூடியூபில் ஏற்றினார். 2018 ஜனவரிக்குள் அதற்கு ஐந்து உரிமைக் கோரிக்கைகள் வந்துவிட்டன.

2021-இன் முதல் ஆறு மாதத்தில் கன்டென்ட் ஐடி எழுப்பிய கோரிக்கைகள் 72 கோடிக்கும் மேல். அவற்றை எதிர்த்துக் கேட்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனாலும் எண்ணிக்கையாகப் பார்த்தால் அது சுமார் 37 லட்சம். மறுப்பு முதலில் போய் நிற்பது உரிமை கோரியவரிடமேதான். அப்படியிருந்தும் அவற்றில் 60 சதவீதம், அதாவது சுமார் 22 லட்சம், ஏற்றியவருக்குச் சாதகமாகவே முடிந்தன.