பழநிக்கு நடக்கும் முன் மூட்டையைப் பிரியுங்கள்!

‘கேம்ப்’ போவதென்றால் அது துரைமார் சமாசாரம், மடக்கு நாற்காலியும் கித்தான் கூடாரமும் இல்லாமல் நடக்காது என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் உண்டு. அப்படி நினைக்கிறவர்கள் தைப்பூசத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் திருப்பூரிலிருந்து தாராபுரம் போகும் சாலைக்கு வந்து பார்க்க வேண்டும். அவினாசிபாளையம், குண்டடம், தாராபுரம் என்று வழி நெடுக, மரத்தடியிலும் மண்டபத்திலும் மூடிய கடை வாசலிலும் குடும்பம் குடும்பமாகப் படுத்திருப்பார்கள். பாட்டி ஒரு பக்கம், பேரன் ஒரு பக்கம், நடுவில் சாமான் மூட்டை. பழநிக்குச் சுமார் 80 கிலோமீட்டர். நிதானமாக நடக்கிற குடும்பம் இரண்டு ராத்திரியாவது வெளியில் தங்கத்தான் வேண்டும். கூடாரம் ஒன்றுதான் குறையே தவிர, இது அசல் கேம்ப்!

2021-லிருந்து தைப்பூசத்துக்கு அரசு விடுமுறையும் கிடைத்துவிட்டது. வருஷம் முழுவதும் பனியன் கம்பெனியில் மெஷின் முன்னால் உட்கார்ந்தே இருந்த பெண்மணி, திடீரென்று ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் நடக்கப் புறப்படுகிறாள். நடையைக்கூடச் சமாளித்துவிடுவாள். அவளை அசத்திப் போடுவது வேறு ஒன்று. வீட்டிலிருந்த அடுப்படி அவளோடு கூடவே நடந்து வருகிறதே, அதுதான்.

ராத்திரி எட்டு மணிக்கு ஓர் இடத்தில் போய் எல்லோரும் ‘அப்பாடா’ என்று உட்கார்ந்ததும் ஆரம்பிக்கும். “ஏம்புள்ள, சோப்பு எங்கே வெச்சே?” “அம்மா, என் தட்டு?” “டார்ச் லைட்டை யார் எடுத்தது?” எல்லாக் கேள்விக்கும் பதில் ஒரே மூட்டைக்குள், அதுவும் அடியில் இருக்கிறது. அந்த மூட்டையின் சூட்சுமம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வீட்டில் குழாயும் காஸ் அடுப்பும் உண்டு. இங்கே அதுவும் இல்லை. வேலை மட்டும் குறையவில்லை!

ஆகவே, புறப்படுவதற்கு முதல் நாள் செய்ய வேண்டிய காரியம் அந்தப் பெரிய மூட்டையைப் பிரிப்பது. ஆளுக்கு ஒரு சிறு பை. ஏழு வயதுப் பையனுக்கும் ஒன்று. அதில் அவனவன் தட்டு, டம்ளர், துண்டு, பல் பொடி, மாற்றுத் துணி, சின்ன டார்ச். அவனவன் சாமானை அவனவனே வைக்கட்டும்; எங்கே வைத்தோம் என்பது அப்போதுதான் ஞாபகம் இருக்கும். வீட்டு எஜமானரும் தம் பையைத் தாமே கட்டட்டும். ஒன்றை மறந்துவிட்டால் இரண்டு நாள் அது இல்லாமல் இருந்து பார்க்கிறார், அவ்வளவுதானே!

கோஷ்டியோடு போகிறவர்களுக்குப் பெரும்பாலும் சாமான் வண்டி ஒன்று கூட வரும். வண்டி இருக்கிறதே என்று பவானி ஜமுக்காளம் முதல் குத்துவிளக்கு வரை ஏற்றி விடுகிறோம். ஜமுக்காளம் அருமையான சாமான்தான், சந்தேகமில்லை. ஆனால் பனியில் நனைந்த ஜமுக்காளத்தை விடியற்காலை நாலு மணிக்கு மடித்து வண்டியில் தூக்கிப் போட்டுப் பாருங்கள், தெரியும்.

படுக்கை விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். ராத்திரி குளிருக்குப் பயந்து மேலே இரண்டு போர்வை போர்த்திக் கொள்கிறார்கள். கீழே வெறும் ஒரு துப்பட்டி. உடம்பின் சூட்டை முதலில் உறிஞ்சுவது தரை. ஒரு போர்வையைக் குறைத்துக்கொண்டு கீழே கனம் சேர்ப்பதே நல்லது. அடியில் ஈரம் ஏறாமல் ஒரு பிளாஸ்டிக் தாள், அதன் மேல் நாலைந்து பழைய செய்தித்தாள் அல்லது ஒரு சாக்கு, அதற்கும் மேல் விரிப்பு. செய்தித்தாள் காசுக்குக் கேடில்லை, சுமையும் இல்லை.

பனி கொட்டுகிறதே என்று அந்தப் பிளாஸ்டிக் தாளை எடுத்து உடம்பின் மேலேயே போர்த்திக்கொள்ளக் கூடாது. உடம்பிலிருந்து வரும் ஆவி வெளியே போக வழியில்லாமல் உள்பக்கமே நீராகி, பனியில் நனையாதவர் தம் வேர்வையில் நனைந்து எழுந்திருப்பார். இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டி, தாளை அதன் மேல் சரிவாகத் தொங்கவிட்டால் பனி வெளியே, காற்று உள்ளே.

கயிறு இல்லையா? திருப்பூரில் கயிற்றுக்கா பஞ்சம்! கட்டிங் வேஸ்ட்டில் நீளமான பனியன் துணிப் பட்டை ஒன்றை எடுத்து இரண்டு முனையையும் பிடித்து இழுங்கள். ஓரம் தானாகவே சுருண்டு நாடாவாகிவிடும். மூட்டை கட்ட, துணி உலர்த்த, ஒதுக்குத் திரை கட்ட எல்லாவற்றுக்கும் அது போதும். ஒரு கைப்பிடி வேஸ்ட் துணி பையில் இருந்தால் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கவும் தட்டுத் துடைக்கவும் கவலையில்லை.

பனியன் துணியின் குணம் திருப்பூர்ப் பெண்களுக்குத் தெரியாததல்ல. அதைக் கேம்புக்குப் பயன்படுத்துவதுதான் விஷயம். நெய்த துணியில் பாவும் ஊடும் நெருங்கி நிற்கின்றன. பின்னிய துணியிலோ நூல் வளையம் வளையமாகக் கோத்திருக்கிறது. அந்த வளையங்களுக்கு நடுவே காற்று தங்குகிறது. தங்கின காற்றுதான் கதகதப்பு. ஆனால் வெளியே காற்று வீசினால் அதே வளையத்தின் வழியே உள்ளே புகுந்துவிடும். ஆகையால் உள்ளே முழுக்கை பனியன், மேலே நெருக்கமாக நெய்த சட்டையோ போர்வையோ. இரண்டும் சேர்ந்தால் கனத்த கம்பளி வேண்டாம். பகலெல்லாம் வேர்த்து நனைந்த பருத்திப் பனியனோடு மட்டும் படுக்காதீர்கள். பருத்தி ஈரத்தைக் குடித்துவிட்டால் லேசில் விடாது. நடு ராத்திரியில் பல் தந்தியடிக்கும். படுக்கும்போது மாற்ற உலர்ந்த பனியன் ஒன்று தனியாகப் பிளாஸ்டிக் பையில் இருக்கட்டும். நடக்கும்போது போடுவதற்குப் பாலியெஸ்டர் சீக்கிரம் உலரும். அதைப் போட்டுக்கொண்டு அடுப்பண்டை போகக் கூடாது. தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

சாப்பாட்டுக்கு வருவோம். வழியெல்லாம் பந்தல் போட்டு அன்னதானம் செய்கிறார்கள். அதை நம்பி நடப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. முதல் நாளுக்கு வழக்கமான கட்டுச்சோறு இருக்கிறது. புளிச்சோறும் மிளகாய்ப் பொடி தடவிய இட்டிலியும் தாங்கும். தேங்காய்ச் சட்னி தாங்காது. கொண்டு போகவே வேண்டாம். தயிர் சாதத்துக்குப் பால் விட்டுப் பிசைந்து மேலே ஒரு கரண்டி தயிர் சேர்த்தால் மத்தியானம் சரியான பதத்தில் இருக்கும். சமைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்பவர்களுக்கு நம் கொங்கு நாட்டு அரிசியும் பருப்பும் சாதத்தை மிஞ்சி ஒன்று இல்லை. வீட்டிலேயே அரிசி, துவரம் பருப்பு, சீரகம், மிளகு, மஞ்சள், மிளகாய், உப்பு எல்லாவற்றையும் ஒரு வேளைக்கு ஒரு பை என்று கலந்து கட்டிவிடுங்கள். அங்கே போய் வெங்காயமும் பூண்டும் உரித்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவதுதான் வேலை. ஒரே பாத்திரம், ஒரே அடுப்பு. எஜமானர்கூடச் செய்துவிடலாம்!

இனிமேல் சொல்லப் போவது பத்திரிகையில் எழுதக் கொஞ்சம் கூச்சமான விஷயம். ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். பெண்கள் பலர் வழியில் தண்ணீரே குடிப்பதில்லை. பந்தலில் நீர்மோர் நீட்டினால் “வேண்டாமுங்க” என்று சொல்லிவிடுகிறார்கள். தாகம் இல்லாமல் அல்ல. குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டுமே என்ற பயம். வெயிலில் தண்ணீர் இல்லாமல் நடந்து, அடக்கியும் வைத்திருந்தால், தலைசுற்றலும் நீர்க்கடுப்பும் வரும். ஊருக்குத் திரும்பியும் அவஸ்தை தீராது. சாலையோரப் பெட்ரோல் பங்குகளில் கழிப்பறையும் குடிதண்ணீரும் பொதுமக்களுக்கு உண்டு. பெட்ரோல் போட்டால்தான் என்பதில்லை. தயங்காமல் கேளுங்கள். புறப்படும் முன்பே கோஷ்டியில் ஒருவர், எங்கெங்கே பங்க் இருக்கிறது, எந்த மண்டபத்தில் குளியலறை இருக்கிறது என்று விசாரித்துக் குறித்து வைத்துக்கொண்டு, தங்குமிடத்தை அதற்குத் தக்கபடி தீர்மானிக்க வேண்டும். இரண்டும் இல்லாத இடத்துக்கு ஒரு பழைய கெட்டி நூல் சேலை, பனியன் நாடா, ஒரு சின்ன களைக்கொத்து. நாலு பெண்கள் சேர்ந்தால் ஒரு நிமிஷத்தில் திரை எழும்பும். களைக்கொத்தால் குழி தோண்டி மூடிவிடலாம். மாத விலக்குக்கான துணியோ நாப்கினோ தேதி இல்லாவிட்டாலும் பையில் இருக்கட்டும். நடையின் அலுப்பில் நாள் முந்துவதுண்டு.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் கைவைத்தியம் இது: காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டிய டீஸ்பூனால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. அளவு தவறக் கூடாது, முக்கியமாக உப்பில். சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும். நிற்காவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும்.

கால் கொப்புளத்துக்குக் காரணம் ஈரமும் உராய்வும். செருப்போ ஷூவோ புதிதாக வாங்கிக்கொண்டு நடக்கப் புறப்படாதீர்கள், பழகினதே நல்லது. காலுறை போட்டால் தையல் விரலில் உறுத்தாமல் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடுங்கள். எழும்பிய கொப்புளத்தைக் குத்தி உடைக்க வேண்டாம். சுத்தமான துணியால் மூடினால் போதும். வெறுங்காலோடு நடக்க வேண்டிக்கொண்டவர்கள் விடியற்காலையும் மாலையும் நடந்து, தார் கொதிக்கும் மத்தியானத்தில் படுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஆனால் சர்க்கரை வியாதிக்காரர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. அவர்களில் பலருக்கு முள் தைத்தாலும் தெரிவதில்லை. தாத்தாவோ பாட்டியோ அப்படி இருந்தால், ராத்திரி படுக்குமுன் டார்ச் அடித்து உள்ளங்காலைப் பார்க்கும் வேலையைப் பேரனுக்குக் கொடுங்கள்.

தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் நிலா இருக்கிறதே என்று விளக்கை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. இரண்டு மூன்று நாள் முந்தைய நிலா மாலையில் பட்டப்பகலாய் எரியும், விடியுமுன் மறைந்துவிடும். நாம் எழுந்து நடக்க ஆரம்பிப்பதோ சரியாக அந்த நேரம்தான். லாரி ஓட்டி வருகிறவரும் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நேரம் அது. பச்சை வேஷ்டி இருட்டில் கண்ணுக்குத் தெரியாது, மஞ்சள்கூட அரைகுறைதான். ஒளிரும் பட்டையைப் போலீஸார் வழியில் ஒட்டிவிடுகிறார்கள் என்றாலும், முதல் நாளே கடையில் வாங்கி ஒவ்வொரு பையின் முன்னும் பின்னும் தைத்துவிடுங்கள். தையல் மெஷின் வீட்டிலேயே இருக்கும்போது ஐந்து நிமிஷ வேலை. சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். குழந்தைகள் சாலைப் பக்கம் வரக் கூடாது.

பழநியை நெருங்கியதும் சண்முகநதியிலோ இடும்பன் குளத்திலோ குளித்துவிட்டு மலையேறுவது வழக்கம். அங்கே கூட்டத்தில் பிரிந்து போவது சுலபம். குழந்தைகளின் சட்டைப் பையில் பெயரும் டெலிபோன் நம்பரும் எழுதிய துண்டுச் சீட்டை, வழியில் அல்ல, வீட்டிலேயே போட்டுவிடுங்கள். குளித்தபின் உடுத்தும் உலர்ந்த துணியும் திரும்பி வர பஸ் சார்ஜும் அவரவர் பையிலேயே இருக்கட்டும்.