தைமினுக்கு இடமில்லாத படி

நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் கூறு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 1952-இல் பதிவு செய்தார்கள். சிவப்பணுக்களை அரிவாள்போல வளைத்துவிடும் அரிவாள் செல் நோய்க்குக் காரணம், பீட்டா குளோபின் மரபணுவில் மாறிப்போன ஒரே ஒரு எழுத்து. அது ஆர்.என்.ஏ.வுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்த்தால் படியெடுத்தலின் விதி விளங்கிவிடும்.

டி.என்.ஏ.வில் அடினைனும் (ஏ) தைமினும் (டி) ஜோடி. குவானைனும் (ஜி) சைட்டோசினும் (சி) ஜோடி. முதல் ஜோடியை இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளும் அடுத்ததை மூன்றும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. மரபணு செயல்படும்போது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி இரு இழைகளையும் சிறிது தூரம் பிரித்து, அச்சு இழையை மட்டும் படிக்கிறது. அதில் சி இருந்தால் ஜி, ஜி இருந்தால் சி, டி இருந்தால் ஏ என்று கோத்துக்கொண்டே போகிறது. ஏ வந்தால்தான் வித்தியாசம்: தைமின் வராது, யுராசில் (யு) வரும்.

நலமாக இருப்பவரின் அச்சு இழையில் அந்த இடம் சி-டி-சி. படியில் ஜி-ஏ-ஜி, புரதத்தில் குளுட்டாமிக் அமிலம். நோயாளிக்கோ சி-ஏ-சி. நொதி விதி பிசகாமல் ஜி-யு-ஜி என்று எழுதுகிறது. புரதத்தில் வாலின் வந்துவிடுகிறது. புரதத்தில் நிகழ்ந்த இந்த மாற்றத்தை வெர்னன் இங்ராம் 1957-இலேயே காட்டிவிட்டார். இந்தப் படியான தூது ஆர்.என்.ஏ. அடையாளம் காணப்பட்டது 1961-இல்தான் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

அடினைனோடு சேர யுராசிலே போதும் என்றால், டி.என்.ஏ.வுக்கு மட்டும் தைமின் எதற்கு?

யுராசிலோடு ஒரு மெத்தில் தொகுதி சேர்ந்ததுதான் தைமின். அந்தச் சிறு ஒட்டு ஓர் அடையாளக்குறி. சைட்டோசின் தன் அமினோ தொகுதியைத் தானாகவே இழந்து யுராசிலாகிவிடும் இயல்புடையது. மனித செல் ஒன்றில் நாளொன்றுக்கு நூறு தடவையாவது இது நடப்பதாக மதிப்பிடுகிறார்கள். டி.என்.ஏ.விலும் யுராசிலே முறையான எழுத்தாக இருந்திருந்தால், எது அசல், எது சிதைந்து வந்தது என்று தெரியாது. தைமின் இருப்பதால், அங்கே தென்படும் யுராசில் எல்லாமே பழுதுதான். அதை வெட்டியெறியும் நொதியைத் தோமஸ் லிண்டால் 1974-இல் கண்டறிந்தார், டி.என்.ஏ. பழுதுநீக்க ஆய்வுகளுக்காக 2015-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆர்.என்.ஏ. படிக்கு ஆயுள் குறைவு. கெட்டுப்போனால் இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம். அதற்காக மெத்தில் ஒட்டும் செலவை செல் செய்வதில்லை.

அந்தச் செலவு சிறியதல்ல. ஃபோலேட் வைட்டமின் இல்லாமல் செல்லால் புதிதாகத் தைமின் செய்ய முடியாது. 1957-இல் அறிமுகமான 5-ஃபுளூரோயுராசில் என்ற புற்றுநோய் மருந்து முக்கியமாகத் தாக்குவதும் இந்த மெத்தில் ஒட்டும் நொதியைத்தான். தைமினுக்குத் தட்டுப்பாடு வந்தால் ஓயாமல் பிளவுபடும் புற்று செல்லால் தன் டி.என்.ஏ.வை ஒழுங்காக இரட்டிக்க முடிவதில்லை.