அபிமான நூல்

படிக்கும் பழக்கமுள்ள ஒருவரிடம், உங்களுக்கு மிகவும் பிடித்த புத்தகம் எது என்று கேட்டால், சற்றுத் தயங்கியாவது ஒரு பெயரைச் சொல்லிவிடுவார். அது ஏன் பிடித்தது என்று அடுத்த கேள்வியைப் போட்டதும், அதுவரை சரளமாகப் பேசிக்கொண்டிருந்தவர் பரீட்சைக்கு உட்கார்ந்த மாணாக்கரைப் போல் ஆகி, நடையழகு, பாத்திரப் படைப்பு, கருத்தின் உயர்வு என்று வகுப்பறைப் பதங்களை எடுத்து அடுக்கத் தொடங்குவார். அவர் சொல்வதில் பொய் ஒன்றுமில்லை. ஆயினும் அந்தக் குணங்கள் எல்லாம் நிறைந்த வேறு பல நூல்கள் அவருடைய அலமாரியிலேயே இருக்க, அவற்றை ஒருமுறை படித்து மரியாதையோடு மூடி வைத்துவிட்டு, இந்த ஒன்றை மட்டும் விடாமல் பற்றிக்கொண்டது எதனால் என்பதற்கு அந்தப் பட்டியல் விடையாகாது.

2003-ஆம் ஆண்டில் பிரிட்டனின் பி.பி.சி. ஸ்தாபனம், தேசத்தார் மிகவும் நேசிக்கும் நாவல் எது என்று பொதுமக்களையே கேட்டு, 'தி பிக் ரீட்' என்ற பெயரில் ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. ஜனங்கள் சொன்ன பெயர்களிலிருந்து முதலில் நூறு நூல்களின் ஜாபிதா தயாராயிற்று. ஓர் ஆசிரியருக்கு ஒன்று என்ற கணக்கில் முன்னணியில் நின்ற 21 நூல்களுக்கும் நூலுக்கு ஒரு பிரமுகர் வக்கீலாக அமர்ந்து தொலைக்காட்சியில் வாதாடினார். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்து, டிசம்பர் மாதத்தில் முடிவு வெளியானபோது, டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதலிடத்தையும், ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்' இரண்டாம் இடத்தையும் பெற்றன. எந்த நூல் என்பது தெரிந்துவிட்டது. ஏன் என்பதற்கோ, பிரமுகர்கள் ஆற்றிய சொற்பொழிவுகள்தாம் மிஞ்சின. வாக்களித்த லட்சக்கணக்கானவர்களின் சொந்தக் காரணம் அவரவர் வீட்டிலேயே தங்கிவிட்டது.

ஒருவர் தம் அபிமான நூலைப் பற்றி என்ன சொன்னார் என்பதை விட்டு, அந்த நூலை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்று பார்த்தால் அந்தச் சொந்தக் காரணம் வெளிப்பட்டுவிடும் என்பது என் அபிப்பிராயம். வாய் பிறரிடம் கற்றதையும் சேர்த்துப் பேசும். கைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இதை விளக்க, இரண்டு வெளிநாட்டுச் சம்பவங்களும், நம் நாட்டுச் சம்பவங்கள் இரண்டும் போதும்.

முதலாவது சார்லஸ் டார்வினைப் பற்றியது. 1831 டிசம்பர் 27-ஆம் தேதி 'பீகிள்' கப்பலில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 22. அவர் உறங்குவதற்கு ஒதுக்கப்பட்ட அறையிலேயே கப்பலின் நூல்நிலையமும் இருந்தது. சுமார் 400 தொகுதிகள் அதில் அடங்கியிருந்தன. அவற்றுள் சார்லஸ் லயல் எழுதிய நிலவியல் நூலின் முதற் பாகம், கப்பல் தலைவர் பிட்ஸ்ராய் அன்போடு அவருக்கு அளித்த பரிசு. மலையும் கடலும் எப்படி உருவாயின என்று பார்க்க அவருடைய கண்களைத் திறந்துவிட்டது அந்த நூல்தான் என்பது விஞ்ஞான சரித்திரத்தில் பிரசித்தம். ஆனால் தென்னமெரிக்கக் கரையில் இறங்கி, குதிரை மேலேறி உள்நாட்டுக்குள் நெடுந்தூரம் போகும் சமயங்களில், ஒரே ஒரு சிறு புத்தகத்துக்குத்தான் இடம் உண்டு என்ற நெருக்கடி வந்தபோது, அந்த இளைஞர் எடுத்துக்கொண்டது லயலை அன்று. மகாகவி மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' என்ற காவியத்தைத்தான் ஒவ்வொரு தடவையும் எடுத்துக்கொண்டார் என்று அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். லயலிடம் அவருக்கு இருந்த மதிப்பு அளவற்றது. எனினும் பாறையையும் எலும்பையும் பகலெல்லாம் ஆராய்ந்து களைத்த ஒருவருக்கு, கூடாரத்தில் துணையிருக்க வேண்டிய நூல் வேறாக இருந்தது. சுமை குறைக்க வேண்டிய வேளையில் ஒருவர் எதைக் கீழே வைக்காமல் எடுத்துச் செல்கிறாரோ அதுவே அவருடைய நூல் என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

இந்தக் கதைக்குச் சோகமான ஒரு பின்பகுதியும் உண்டு. முதுமையில் டார்வினுக்குக் கவிதை அடியோடு பிடிக்காமல் போயிற்று. ஷேக்ஸ்பியரைத் திரும்ப எடுத்தால் சகிக்க முடியாத சலிப்பு உண்டாயிற்று. சாதாரண நாவல்களை யாரேனும் உரக்கப் படித்துக் காட்டக் கேட்பது ஒன்றே ஆறுதலாக நின்றது. தகவல்களிலிருந்து பொது விதிகளை அரைத்தெடுக்கும் யந்திரமாகத் தம் மனம் ஆகிவிட்டதோ என்று வருந்திய அவர், மறுபடி வாழ நேர்ந்தால் வாரத்துக்கு ஒரு முறையேனும் சிறிது கவிதை படிக்கவும் சங்கீதம் கேட்கவும் ஒரு நியமம் வைத்துக்கொள்வேன் என்கிறார். நூலின் மேல் வைத்த அன்பும் பழக்கத்தினால் காக்கப்பட வேண்டியது. ஒருமுறை வந்துவிட்டது என்பதற்காக ஆயுள் முழுதும் தானே நிலைத்திருக்கும் என்று எண்ணுவதற்கில்லை.

இரண்டாவது சம்பவம் தென்னாப்பிரிக்காவில் நடந்தது. 1904-ஆம் ஆண்டில், 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையின் பண நெருக்கடி விஷயமாக ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குக் கிளம்பிய காந்தியடிகளை வழியனுப்ப ரயில் நிலையத்துக்கு வந்த நண்பர் போலக், வழியில் படிக்கும்படி ஜான் ரஸ்கினின் 'அன்டு திஸ் லாஸ்ட்' என்ற நூலைக் கொடுத்துவிட்டுப் போனார். அது நாற்பது ஆண்டுகளுக்கும் முற்பட்ட நூல். 1860-இல் ஒரு லண்டன் மாதப் பத்திரிகையில் கட்டுரைகளாக வந்தபோது, பொருளாதார சாஸ்திரத்தையே அவமதிக்கிறது என்று கண்டனம் கிளம்பி, நான்கு கட்டுரைகளோடு நிறுத்தப்பட்டது. அதைக் கையில் எடுத்த காந்தியடிகளுக்குக் கீழே வைக்க மனமில்லை. 24 மணி நேரப் பிரயாணம். மாலையில் டர்பனில் இறங்கிய பின், அன்றிரவு உறக்கமும் இல்லை. எல்லோருடைய நன்மையிலும் அடங்கியதே ஒருவனுடைய நன்மை என்பதும், வக்கீலின் வேலைக்கும் நாவிதரின் வேலைக்கும் மதிப்பு ஒன்றே என்பதும், உழுது உண்பவனும் கைத்தொழிலாளியும் வாழும் வாழ்வே வாழத்தக்க வாழ்வு என்பதும் அந்நூலிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட மூன்று பாடங்கள். முதலாவதைத் தாம் ஏற்கெனவே அறிந்திருந்ததாகவும், இரண்டாவது மங்கலாகத் தெரிந்திருந்ததாகவும், மூன்றாவது அதுவரை தோன்றவே இல்லை என்றும் அவர் பிற்பாடு கணக்குச் சொல்வது கவனிக்கத் தக்கது. தம்முள் ஆழ்ந்து கிடந்த நம்பிக்கைகள் சிலவே அந்நூலில் பிரதிபலிக்கக் கண்டதாகவும், அதனாலேயே அது தம்மை ஆட்கொண்டதாகவும் அவர் கருதினார்.

பிறகு நடந்ததுதான் விசேஷம். படித்து முடித்தவர் அதைப் பாராட்டி ஒரு மதிப்புரை எழுதிவிட்டு இருந்துவிடவில்லை. டர்பனிலிருந்து 14 மைல் தொலைவில், பீனிக்ஸ் என்ற இடத்தில், மா மரமும் ஆரஞ்சு மரமும் நின்ற 20 ஏக்கரையும் அதை ஒட்டிய 80 ஏக்கரையும் ஆயிரம் பவுனுக்கு வாங்கி, ஆங்கிலத்தோடு குஜராத்தி, ஹிந்தி, தமிழ் ஆகிய பாஷைகளிலும் வெளிவந்துகொண்டிருந்த பத்திரிகையின் அச்சுக்கூடத்தை அங்கே பெயர்த்துக்கொண்டு போனார். நிறமும் தேசமும் பாராமல் எல்லோருக்கும் மாதம் மூன்று பவுன் என்று ஏற்பாடு. அங்கே முதல் இதழ் அச்சேற வேண்டிய இரவில் எண்ணெய் எஞ்சின் ஓட மறுத்துவிட்டது. நால்வர் சேர்ந்து சுற்ற வேண்டிய கைச்சக்கரம் ஒன்று இருந்தது. சுற்றுவதற்கு ஆள் போதவில்லை. கட்டட வேலைக்கு வந்து அங்கேயே படுத்திருந்த தச்சர்களை எழுப்பி உதவி கேட்க, அவர்கள் மகிழ்ந்து எழுந்து வந்து, காந்தியடிகளும் மற்றவர்களும் முறை வைத்துச் சக்கரத்தைச் சுற்றப் பொழுது விடிந்தது. வக்கீலும் தச்சரும் ஒரே சக்கரத்தைப் பிடித்துச் சுற்றிய அந்த இரவை ரஸ்கினின் இரண்டாவது பாடத்துக்கு எழுதப்பட்ட உரை என்று சொல்லலாம். 1908-இல் அந்நூலைச் சுருக்கிக் குஜராத்தியில் 'சர்வோதயம்' என்ற பெயரோடு அவர் வெளியிட்டது, செய்து பார்த்த பிறகு செய்த காரியம்.

நம் நாட்டுக்கு வருவோம். ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் கம்பராமாயணத்தின் மேல் வைத்திருந்த காதல் தமிழறிந்தோர் எல்லோரும் அறிந்தது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டுத் தொட்டிக்கட்டில் மாலை வேளைகளில் நண்பர்கள் கூடுவார்கள். அந்த 'வட்டத்தொட்டி'யில் ஒரே பாட்டை எடுத்துக்கொண்டு, ஓர் அடியையே திரும்பத் திரும்பச் சொல்லி, தாளமும் பாவமும் செவியில் படும்படி செய்து, கேட்பவர்கள் தாமே 'ஆகா' என்று சொல்லும் வரை அடுத்த அடிக்குப் போகாமல் நிற்பது அவருடைய சம்பிரதாயம். பதவுரையும் இலக்கணக் குறிப்பும் சொல்லிப் பாட்டை முடித்துவிடும் வித்வான்களுக்கு மத்தியில், பாட்டு என்பது செவி வழியாக இதயத்துக்குப் போக வேண்டிய பொருள் என்று அவர் வாதித்தார்.

அவருடைய காதல் வெறும் துதியாகவும் நிற்கவில்லை. பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களோடு வழங்கிவந்த காவியத்தில் பிற்காலத்தார் நுழைத்தவை ஏராளம் என்று கொண்டு, கம்பனின் வாக்கு என்று தம் காதுக்கும் இதயத்துக்கும் பட்டவற்றை மட்டும் நிறுத்தி, மற்றவற்றை ஒதுக்கி, 'கம்பர் தரும் ராமாயணம்' என்று ஒரு பதிப்பையே தயாரித்தார். சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். ஏட்டுப் பிரமாணம் இல்லாமல் ரசனையை மட்டும் கொண்டு இப்படிச் செய்யலாமா என்று புலவர்கள் ஆட்சேபித்தார்கள். பதிப்பு முறை என்ற அளவில் அந்த ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் ஒரு வாசகருடைய மனத்தை அறிய விரும்புகிறவர்களுக்கு இதைவிட வெளிப்படையான சாட்சியம் அகப்படாது. அவர் நேசித்தது நாடகமும் தாளமும் ததும்பும் ஒரு குரலை. அந்தக் குரல் தடுமாறுவதாகத் தோன்றிய இடத்தில் பொறுத்துக்கொள்ள அவரால் முடியவில்லை.

நான்காவது சம்பவத்துக்குத் தனி மனிதர் எவரும் நாயகர் அல்லர். பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதன் நாயகர்கள். 1950 அக்டோபர் மாதக் கடைசியில் 'கல்கி' வார இதழில் தொடங்கி, ஏறக்குறைய மூன்றரை ஆண்டுக் காலம் வாரந்தோறும் வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னைத் தமிழர்கள் படித்தார்கள் என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். அதை அவர்கள் பைண்டு செய்து வைத்தார்கள். அத்தகைய தொகுதி ஒன்றை இன்று கையில் எடுத்துப் பார்த்தால், முதுகில் காலிகோ துணி, அட்டையில் மங்கிய காகிதம், உள்ளே பழுப்பேறி ஓரம் உதிரும் தாள்கள். நடுமடிப்பில் பின் இருந்த துளைகளைச் சுற்றித் துருக்கறை. தொடர்கதைத் தாளின் மறுபுறத்தில் வேறு ஏதோ ஒரு கதையின் வால், தலைவலித் தைல விளம்பரம், ஒரு சிரிப்புத் துணுக்கு. மணியம் வரைந்த குந்தவையின் சித்திரத்துக்குக் கீழே, ஓரத்தை வெட்டிய பைண்டர் கொஞ்சம் தாராளமாக வெட்டிவிட்டதால் பாதி எழுத்தோடு நிற்கும் ஒரு வரி. முதல் தாளில், இரவல் வாங்குவோர் பத்திரமாகத் திருப்பித் தரும்படி மசியில் ஒரு வேண்டுகோள். இத்தனையும் சேர்ந்ததுதான் அந்தப் புத்தகம்.

அந்தக் குடும்பங்கள் கதையோடு வாதமும் செய்தன. 1954-இல் தொடர் நிறைவெய்தியபோது, இன்னின்னாருடைய கதி என்னவாயிற்று, கதையை இப்படித் திடுமென்று முடிக்கலாமா என்று வாசகர்கள் மனக்குறையோடு கடிதம் எழுத, ஆசிரியர் கல்கி அதற்கென்றே ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்களுக்குப் பின்னால் நேர்ந்ததைச் சொல்லிச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. 1999-இல் கல்கியின் எழுத்துக்கள் நாட்டுடைமையாக்கப்பட்ட பின், பல பதிப்பகங்கள் ஐந்து பாகங்களையும் அச்சிட்டு மலிவாகவே விற்கின்றன. எழுத்துப் பிழையில்லாத, வால் வெட்டப்படாத பிரதி எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். இருந்தும் பழைய பைண்டுத் தொகுதியை எடைக்குப் போட எந்தப் பாட்டியும் சம்மதிப்பதில்லை. காரணம் விளங்காமல் இல்லை. வாரம் முழுவதும் காத்திருந்து, இதழ் வந்ததும் யார் முதலில் படிப்பது என்று சண்டை பிடித்து, கண் தெரியாத பெரியவருக்கு ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்ட காலம் முழுவதும் அந்தத் தைல விளம்பரங்களுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. புதுப் பிரதியில் கதை மட்டுந்தான் உண்டு.

ஒருவருக்கு வழித்துணை, ஒருவருக்கு வாழ்க்கை முறை, ஒருவருக்குக் குரல், வேறு பலருக்கோ ஒரு கூட்டுக் குடும்பத்தின் ஞாபகம் என்று, நேசத்துக்கு இப்படி வெவ்வேறு காரணங்கள் இருப்பதால்தான், நூல்களை ஒரே அளவுகோலால் அளந்து வரிசைப்படுத்தும் வாக்கெடுப்புக்கள் ஸ்வாரஸ்யமாக இருந்தாலும் அதிகம் சொல்வதில்லை. ஆகவே வாசகர் ஒருவரிடம் அவருடைய அபிமான நூலைப் பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள், ஏன் என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாமல், ஊருக்குப் போகும்போது பெட்டியில் வைப்பது எது, இரவல் கொடுத்துத் தொலைந்தபின் இரண்டாம் முறை காசு கொடுத்து வாங்கியது எது, பேரக் குழந்தைக்குப் படித்துக் காட்டியது எது, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது கொண்டுவரச் சொன்னது எது என்று விசாரிப்பது உத்தமம்.

அந்த விசாரணையில் வெளிவரும் பெயர், விமரிசகர்கள் போற்றும் மகத்தான காவியமாக இல்லாமல், ஒரு துப்பறியும் கதையாகவோ, சமையல் புத்தகமாகவோ, நாலணாப் பெரிய எழுத்துக் கதையாகவோ இருந்தால் அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. தாம் பாதியில் மூடிவைத்த பெரிய நூலின் பெயரைக் கௌரவத்துக்காகச் சொல்கிறவர், கேட்ட இளைஞனையும் அந்த நூலை வாங்கிப் பாதியில் மூடி வைக்கும்படி செய்கிறார். தாம் பத்து முறை படித்த சாமானியமான ஒரு நூலை உள்ளபடி சொல்கிறவரோ, ஒரு மனிதர் உண்மையிலேயே கடைசிப் பக்கம் வரை போய்த் திரும்பிவந்த பாதையைக் காட்டுகிறார். படிப்பு என்பது ஒருவரைப் பார்த்து ஒருவருக்குத் தொற்றிக்கொள்ளும் பழக்கமாகையால், அப்படிப்பட்டவர்கள் சொல்லும் சிபாரிசுதான் புதிய வாசகர்களை உண்டாக்குகிறது.