பெரிய கார் எது?

பெரியதே சிறந்தது என்று எண்ணுவது மனித இயல்பு. அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதை, 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனையான இரு பெரிய செடான் கார்களைக் கொண்டு ஆராய விரும்புகிறேன். ஒன்று செவர்லே கேப்ரிஸ். மற்றொன்று ஃபோர்டு எல்.டி.டி.

இரண்டும் ஓரினமே. ஆறு பேர் அமரலாம். கனத்த சேஸிஸ் மேல் பொருத்திய உடல், முன்னே எஞ்சின், விசை செல்வதோ பின்சக்கரங்களுக்கு. ஆயினும் கேப்ரிஸின் நீளம் 212 அங்குலம், எல்.டி.டி.யோ 224 அங்குலம். இந்த ஓரடி வேறுபாடு எப்படி வந்தது?

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் புதிய கார்கள் சராசரியாக 1978இல் காலனுக்கு 18 மைலும், 1985இல் 27.5 மைலும் ஓட வேண்டும் என 1975இல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றியது.

இந்நெருக்கடிக்குச் செவர்லே தந்த விடைதான் 1977 கேப்ரிஸ். முந்தைய ஆண்டின் காரைவிட அதன் எடை ஏறத்தாழ 600 பவுண்டு குறைவு. அப்படியானால் உள்ளே நெருக்கடி இராதா என்று நண்பர்கள் கேட்கலாம். இல்லை என்பதே வியப்பு! பின்னிருக்கையில் கால் நீட்டும் இடமும் டிக்கியும் முன்னிலும் விரிந்தன. வளைந்து புடைத்த பக்கங்களை நிமிர்த்தினர். அகலத்தைக் குறைத்து, உயரத்தைச் சற்றே கூட்டினர். வீணான இடம்தான் போயிற்று.

இங்கே நியூட்டனின் இரண்டாம் விதியை நினைவுகூர்வோம். நிறை குறைந்தால், அதே முடுக்கத்துக்குத் தேவைப்படும் விசையும் குறையும். எனவே சிறிய எஞ்சினே போதும். எஞ்சின் சிறுத்தால் அதைத் தாங்கும் பாகங்களும் இலேசாகும். ஒரு சிக்கனம் மற்றொன்றை ஈன்றெடுக்கிறது.

ஃபோர்டையும் குறை கூறுவதற்கில்லை. கனத்த காரின் அமைதியான, மெத்தென்ற ஓட்டத்தை விரும்பியோர் பலர். அவர்களுக்காகப் பழைய பேருருவையே அது காத்தது. எனினும் 1979இல் எல்.டி.டி.யும் ஓரடிக்கு மேல் குறுகியது. அந்தப் புதிய அடித்தளம் 2011 வரை நிலைத்தது என்றால் அதன் சிறப்பை என்னென்பது!

ஒரு காரின் பெருமை, அது சாலையில் அடைத்துக்கொள்ளும் இடத்தில் இல்லை. அமர்பவருக்குத் தரும் இடத்தில் இருக்கிறது. ஆகவே, இவ்விரண்டில் பெரிய கார் கேப்ரிஸ்தான் என்பது என் முடிவு.