சொற்படி நடந்த கணிப்பொறி

கணிப்பொறியோடு நாம் பேசும் மொழியிலேயே எழுதி உரையாடலாம் என்பது இன்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வியப்பான செய்தி அன்று. மும்பையிலோ தில்லியிலோ பிறந்து வளர்ந்த பிள்ளை, பாதி ஆங்கிலமும் பாதி இந்தியும் இடையிடையே தமிழுமாகத் தட்டச்சுச் செய்தாலும் பொறி அதைப் புரிந்துகொண்டதுபோல் விடை தருகிறது. ‘போல்’ என்று எழுதியது வேண்டுமென்றேதான். அந்த ஒரு சொல்லைப் பற்றிய வழக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. வழக்கின் தொடக்கத்தைத் தேடிப் போனால், சில மரக்கட்டைகளின் முன்னால் வந்து நிற்போம்.

மரக்கட்டைகள் என்றாலும் அவை மெய்யான மரத்தால் ஆனவை அல்ல. திரையில் கோடுகளாக வரையப்பட்டவை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேமூர் பேப்பர்ட் என்னும் அறிஞரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த டெர்ரி வினோகிராட், 1968 முதல் 1970 வரை உழைத்து ஒரு நிரலை எழுதினார். பி.டி.பி.-6 என்னும் கணிப்பொறியில் அது இயங்கியது. ஒரு மேசை, சில கட்டைகள், சில பிரமிடுகள், ஒரு பெட்டி, இவற்றை எடுத்து வைக்க ஒரு கை: அந்த நிரலின் உலகம் இவ்வளவே. கையும் வெறும் சித்திரந்தான்.

நிரலுக்கு அவர் இட்ட பெயர் ஷ்ர்ட்லு. பொருளற்ற பெயர் என்று தோன்றும். அச்சகங்களில் லினோடைப் இயந்திரம் ஓட்டியவர்களுக்கோ அது பழகிய எழுத்துவரிசை. ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் எழுத்துகளை அவ்வியந்திரத்தில் வரிசையாக வைத்திருந்தார்கள். எஸ், எச், ஆர், டி, எல், யு என்பவை இரண்டாம் வரிசை. வரியில் பிழை நேர்ந்தால், கோப்பவர் விரலை அவ்வரிசைகளின்மேல் ஓட்டி வரியை நிரப்பிவிடுவார். பின்னர் அந்த வரியை எடுத்து எறிந்துவிடுவார்கள். எறிய மறந்த நாளில் அது செய்தித்தாளிலேயே அச்சாகி வந்துவிடும்! அறிவுள்ள பொறி என்று உலகம் கொண்டாடிய ஒன்றுக்கு, அச்சுப்பிழையின் பெயரைச் சூட்டிய நகைச்சுவையை மெச்சத்தான் வேண்டும்.

அக்காலத்தில் கணிப்பொறியிடம் வேலை வாங்குவதென்றால், அதற்கென்று வகுத்த குறியீட்டு மொழியில் எழுத வேண்டும். ஷ்ர்ட்லுவை இயக்கியவரோ விசைப்பலகையின் முன் அமர்ந்து சாதாரண ஆங்கில வாக்கியத்தைத் தட்டினார். பெரிய சிவப்புக் கட்டையை எடு என்று கட்டளையிட்டார். அதன்மேல் ஒரு பச்சைக் கட்டை இருந்தது. அதை முதலில் இறக்கி வை என்று யாரும் சொல்லவில்லை. பொறி தானே அதை மேசைமேல் இறக்கிவைத்துவிட்டுச் சிவப்புக் கட்டையை எடுத்தது. அடுத்து, பிரமிடைப் பிடி என்றார். மேசைமேல் பிரமிடுகள் மூன்று இருந்தமையால், எதைச் சொல்கிறீர்கள் என்று விளங்கவில்லை எனப் பொறி மறுமொழி எழுதியது. பிறகு பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டு, நீலப் பிரமிடும் நீலக் கட்டையும் என்ற விடையைப் பெற்றார். உடனே, பிரமிடைத் தாங்குவது எது என்று கேட்டார். சற்று முன் எந்தப் பிரமிடு என்று தடுமாறிய அதே பொறி, இப்போது தயங்காமல் ‘பெட்டி’ என்றது. முந்திய விடையில் ஒரு பிரமிடு பேச்சில் வந்துவிட்டதல்லவா? சொன்னதை நினைவில் வைத்து அடுத்த சொல்லுக்குப் பொருள் கொள்வது உரையாடலின் உயிர். அதை ஒரு பொறி செய்து காட்டியது.

மற்றொரு கட்டளை இதைவிடச் சுவையானது. கையில் உள்ளதைவிட உயரமான ஒரு கட்டையைத் தேடி, அதைப் பெட்டிக்குள் போடச் சொன்னார். ‘அதை’ என்றது எதனை? கையில் உள்ளதையா, தேடிக் கண்டதையா? உயரமான கட்டையையே குறிப்பிடுகிறீர்கள் என்று கொள்கிறேன் எனச் சொல்லிவிட்டுத்தான் பொறி வேலையைத் தொடங்கியது. தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். உயரமானதைத் தேடி எடுத்துப் பெட்டிக்குள் போடு என்போம்; ‘அதை’ என்ற சொல்லே நம் வாயில் வராது. கேட்பவர் தாமே நிரப்பிக்கொள்வார். வேலைக்காரச் சிறுவனுக்கும் எளிதாக இருக்கும் இது, பொறிக்கு மலையாக இருந்தது.

பிரமிடின்மேல் பிரமிடு நிற்குமா என்று கேட்டபோது, தெரியாது என்றது. சரி, இரண்டு பிரமிடுகளை அடுக்கிப் பார் என்றதற்கு, இயலவில்லை என்றது. இரண்டு பச்சைக் கனசதுரங்களும் ஒரு பிரமிடும் சேர்ந்த அடுக்கே கோபுரம் என ஒரு புதுச் சொல்லைக் கற்பித்து, ஒன்று கட்டு என்றதும் கட்டியது. ஒரு காரியத்தை ஏன் செய்தாய் என்று கேட்டால் காரணம் கூறியது. அதற்கும் காரணம் கேட்டால் இன்னும் ஒருபடி மேலே சென்றது. அப்படியே ஏறிப் போனால், நீங்கள் சொன்னீர்கள் ஆகையால் செய்தேன் என்னும் இடத்தில் முடிந்தது. தான் செய்தவற்றையும் ஒவ்வொன்றின் நோக்கத்தையும் அது குறித்து வைத்திருந்ததே இதற்குக் காரணம்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 1966இல், அதே கழகத்தில் ஜோசப் வைசன்பாம் எலைசா என்னும் நிரலை வெளியிட்டிருந்தார். அது மனநல மருத்துவர்போல் பேசிற்று. தாயைப் பற்றி ஒருவர் எழுதினால், உங்கள் குடும்பத்தைப் பற்றி மேலும் சொல்லுங்கள் என்னும். வந்த சொல்லைத் திருப்பிப்போட்டுக் கேள்வியாக்கியதைத் தவிர அதற்குள் வேறு சரக்கு இல்லை. ஆயினும் மக்கள் அதனிடம் மனம்விட்டுப் பேசினார்கள். வைசன்பாமின் செயலரே, தாம் அதனுடன் உரையாட வேண்டும், நீங்கள் சற்று வெளியே இருங்கள் என்றாராம். இதைக் கண்டு கலங்கிய வைசன்பாம், 1976இல் கணிப்பொறியின் எல்லை குறித்து ஒரு நூலே எழுதினார். ஷ்ர்ட்லு அந்த இனத்தைச் சேர்ந்ததன்று. அதற்குள் இலக்கணம் இருந்தது. மேசையின் நிலை பற்றிய அறிவு இருந்தது. ஒரு செயலுக்கு முன் எவை எவை நடக்க வேண்டும் என்ற கணக்கும் இருந்தது. புரிதல் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று பலர் கேட்டார்கள்.

வேண்டியது என்ன என்பதை வினோகிராடே காட்டியதுதான் இதில் என்னைக் கவர்ந்த பகுதி. புகழ்பெற்ற அந்த உரையாடலை வரி வரியாகச் செப்பனிட்டே அமைத்ததாகவும், வேறு கேள்விகளைக் கேட்டால் விடை வரலாம், வராமலும் போகலாம் என்றும் அவர் பிற்காலத்தில் ஒளிவின்றிக் கூறினார். கட்டைகளின் உலகைவிட்டு வெளியே வந்தால் அந்த முறை வளரவில்லை. மெய்யுலகில் ஒரு சொல்லுக்குப் பொருள் காண உலக அனுபவமே தேவைப்படுகிறது. இதை விளக்க 1972இல் அவர் ஒருவகை வாக்கியத்தை எடுத்துக் காட்டினார். அதன் அமைப்பை நம் வாழ்க்கைக்கு ஏற்ப இப்படிச் சொல்லலாம்: வீட்டுக்காரர் குடியிருப்பவருக்குத் தவணை தர மறுத்தார், ஏனெனில் அவர் பலமுறை ஏமாந்திருந்தார். ‘ஏமாந்திருந்தார்’ என்பதை ‘ஏமாற்றியிருந்தார்’ என்று மாற்றிப் பாருங்கள். ‘அவர்’ என்பது வீட்டுக்காரரிலிருந்து குடியிருப்பவருக்குத் தாவிவிடுகிறது. எந்த இலக்கண விதியும் இதைச் சொல்லித் தராது. அயலூரில் வாடகை வீட்டில் காலம் தள்ளிய எவருக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதும் இல்லை.

1973 முதல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வினோகிராட், 1986இல் பெர்னாண்டோ புளோரஸ் என்பவரோடு சேர்ந்து எழுதிய நூலில், மொழியைப் பொறிக்குப் புகட்டும் பழைய வழியையே மறுத்தார். தம் கையால் கட்டிய கோபுரத்தைத் தாமே பிரித்துப் போட்டவர் அவர். அவரிடம் ஆய்வு செய்ய வந்த மாணவர்களுள் ஒருவர்தாம் பின்னாளில் கூகுளை நிறுவிய லாரி பேஜ்.

வினோகிராட் காட்டிய வகை வாக்கியங்களைத் தொகுத்து, பொறியின் அறிவைச் சோதிக்கும் தேர்வாக்கலாம் என்று ஹெக்டர் லெவெக் என்பவர் 2011ஆம் ஆண்டளவில் முன்மொழிந்தார். சில ஆண்டுகள் பொறிகள் திணறின. 2019இல், பெருந்தொகை நூல்களையும் எழுத்துகளையும் படித்துப் பழகிய நிரல்கள் அத்தகைய வாக்கியங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு அளவுக்குச் சரியாக விடை தந்தன. அவற்றுக்கு மேசையும் இல்லை, கட்டையும் இல்லை, இலக்கணத்தை எவரும் எழுதித் தரவும் இல்லை. ஷ்ர்ட்லுவின் நிரலை இன்றும் எடுத்துப் படிக்கலாம். இன்ன விடை இன்ன வரியிலிருந்து வந்தது என்று விரல் வைத்துச் சொல்லலாம். நம் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு விடை தரும் இன்றைய பொறியிடம், ஏன் இப்படிச் சொன்னாய் என்று கேட்டால் அதுவும் ஒரு காரணம் கூறுகிறது. அந்தக் காரணத்தினால்தான் அவ்விடை வந்ததா என்பதை அதை ஆக்கியவர்களாலும் இன்னும் முழுமையாகக் காட்ட இயலவில்லை.