நீர்ச்சறுக்கு விளையாட்டுக்கான உயிர்காப்பு அங்கி

உயிர்காப்பு அங்கி (லைஃப் ஜாக்கெட்) என்பது நீரில் விழுந்தவரின் தலையை நீர்மட்டத்திற்கு மேல் தாங்கி நிற்கும் மிதவை உடையாகும். விசைப்படகு கயிற்றால் இழுத்துச் செல்லும் நீர்ச்சறுக்கு, வேக்போர்டிங் ஆகிய விளையாட்டுகளில் இது இன்றியமையாதது. ஆனால் எல்லா அங்கியும் இவற்றுக்குப் பொருந்தாது.

வரலாறு

கிணற்றில் நீச்சல் பழகுவோர் உலர்ந்த சுரைக்குடுக்கையை உடலில் கட்டிக்கொள்வது தமிழகக் கிராமங்களின் பழைய வழக்கம். 1854-இல் இங்கிலாந்தில் கேப்டன் வார்டு, மீட்புப் படகினருக்காகத் தக்கையால் ஆன அங்கியை உருவாக்கினார். பின்னர் இலவம்பஞ்சு அடைத்த அங்கிகள் வந்தன. இன்று நீரை உறிஞ்சாத நுரைப்பொருள் பயன்படுகிறது. நீர்ச்சறுக்கு 1922-இல் அமெரிக்காவில் ரால்ஃப் சாமுவேல்சன் என்பவரால் தொடங்கப்பட்டது.

மிதப்பு விசை

மனித உடலின் எடையில் பெரும்பகுதியை நீரே தாங்கிவிடுகிறது. தலையை மட்டும் மேலே நிறுத்த, பெரியவர் ஒருவருக்குச் சுமார் 3 முதல் 5 கிலோ வரை கூடுதல் தாங்குவிசை போதும். பன்னாட்டுத் தர அமைப்பின் ஐஎஸ்ஓ 12402 தரவரிசையில் 50 நியூட்டன் அங்கி, ஏறத்தாழ 5 கிலோ எடையைத் தாங்கும். இது நீச்சல் தெரிந்தவருக்கு, உதவி அருகில் உள்ள இடத்திற்கு உரியது. மயங்கியவரை முகம் மேலே இருக்கும்படி திருப்ப இதனால் இயலாது. அதற்கு 100 நியூட்டன் அல்லது அதற்கு மேற்பட்ட அங்கி தேவை. நீர்ச்சறுக்கில் பலரும் அணிவது கைகளை வீச இடந்தரும் 50 நியூட்டன் வகையே. எனவே, சறுக்குபவரை மட்டும் கவனிக்க ஓட்டுநரைத் தவிர இன்னொருவர் படகில் இருக்க வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை

1. வேகமாக விழும்போது நீரின் மோதல் அங்கியைக் கழற்றிவிடக்கூடும். ஆகவே மூன்று அல்லது நான்கு அகலமான வார்ப்பூட்டுகள் உள்ளதே நல்லது.
2. பெரியவருக்கு மார்பளவையும், சிறுவருக்கு உடல் எடையையும் பார்த்து அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'வளர்ந்த பிறகும் உதவும்' என்று பெரிதாக வாங்குவது ஆபத்து.
3. பூட்டுகளை இறுக்கியபின், தோள்பட்டையைப் பிறர் மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். அங்கி காதுவரை ஏறினால் அது பொருந்தவில்லை.
4. காற்றடைத்து விரியும் வகை இவ்விளையாட்டுக்கு ஏற்றதன்று. அடியைத் தாங்க மட்டும் செய்யப்பட்ட 'இம்பாக்ட் வெஸ்ட்' உயிர்காப்பு அங்கியாகாது.
5. ஆரஞ்சு, மஞ்சள் போன்ற நிறங்கள் தொலைவிலிருந்தும் தெரியும்.

அணிவதன் தேவை

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்து, 2019-இல் பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த முட்டுக்காட்டில், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை உள்ளது. இதுபோன்ற இடங்களில் வாங்கும் அங்கி பலரும் அணிந்தது. கிழிசல், பூட்டு, அளவு ஆகியவற்றைச் சோதித்தே அணிய வேண்டும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். பயணிகள் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை. படகு கவிழ்ந்தபின் அங்கியைத் தேடி எடுத்து அணிய நேரம் இருக்காது. கரையிலேயே அணிந்து, எல்லாப் பூட்டுகளையும் போட்டுக்கொள்வதே முறை.